எலும்பில் கால்சியம் குறைவு, சிறுநீரில் அதிகம்: எந்த வழி யாருக்கு?

அம்மாவின் கோப்பில் இரண்டு மருந்துச் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. மேலே இருந்தது எலும்பு மருத்துவர் எழுதியது: கால்சியம் மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று. கீழே இருந்தது சிறுநீரக மருத்துவர் எழுதியது: கால்சியம் மாத்திரையை நிறுத்தவும், பால், தயிரைக் குறைக்கவும். இரண்டுக்கும் இடையே 11 நாள்தான். அம்மா கேட்டது ஒரே கேள்வி: "எலும்பு உடைஞ்சா பரவாயில்லையா, கல் வந்தா பரவாயில்லையா? எதுன்னு சொல்லு, அதையே பண்றேன்."

எலும்புப்புரையும் (எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நிலை) சிறுநீரில் அதிகக் கால்சியமும் சேர்ந்து வந்தவர்களிடமிருந்து இதே கேள்வி வேறு வேறு சொற்களில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. மாத்திரையை விடவா, தொடரவா? பால் குடிக்கலாமா? ஊசி நல்லதா, வாரம் ஒரு மாத்திரை நல்லதா? இதைப் பல மாதம் படித்தும், இரு மருத்துவர்களோடும் உட்கார்ந்து பேசியும் நான் புரிந்துகொண்டது இது: எலும்பும் சிறுநீரகமும் இந்த விஷயத்தில் எதிரெதிர்க் கட்சிகள் அல்ல. பெரும்பாலும் ஒரே கசிவின் இரண்டு முனைகள். அந்தக் கசிவு எங்கே என்று தெரிந்தால் முடிவுகளில் பாதி தானாகவே வந்துவிடும். தெரியாமல் எடுக்கும் முடிவு எதுவும் ஒரு முனையை மட்டும் இழுக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளால் அளக்கப்போகிறேன். எலும்பு முறிவதை அது உண்மையிலேயே குறைக்கிறதா, அல்லது ஸ்கேன் எண்ணை மட்டும் அழகாக்குகிறதா? சிறுநீரில் போகும் கால்சியத்தையும் கல் உருவாகும் வாய்ப்பையும் எந்தப் பக்கம் தள்ளுகிறது? இப்போதிருக்கும் சிறுநீரகச் செயல்பாடு, இதயம், மற்ற மாத்திரைகள் இவற்றோடு ஒத்துப்போகுமா? நிறுத்தினால் என்ன ஆகும்? கடைசியாக, வெளியே தெரியாத செலவு என்ன: திரும்பத் திரும்ப எடுக்கும் பரிசோதனை, தினசரிக் கட்டுப்பாடு, வயதானவர் தினம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய சுமை.

இவற்றில் முதல் கேள்விக்கு நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக எடை தருகிறேன். கல் வந்தால் வலி கொடுமைதான், ஆனால் பெரும்பாலும் அதிலிருந்து மீண்டுவிடலாம். இடுப்பெலும்பு முறிந்த முதியவர் பலர் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை.

## அதற்கும் முன்: கசிவு எங்கே

24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம் பெண்களுக்கு 250 மில்லிகிராமுக்கு மேல், ஆண்களுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல், அல்லது இருபாலருக்கும் உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் போனால் 'அதிகம்' என்பது வழக்கமான வரையறை. அது மூன்று இடங்களிலிருந்து வரலாம். குடல் தேவைக்கு மேல் உறிஞ்சலாம். சிறுநீரகம் திருப்பி எடுக்க வேண்டியதை எடுக்காமல் விடலாம். அல்லது எலும்பே கரைந்து ரத்தத்தில் கலந்து வெளியேறலாம். பலருக்கு இவை கலந்தே இருக்கும்.

எந்த மருந்துக்கும் முன்னால் விலக்க வேண்டியது, கழுத்தில் இருந்துகொண்டு ரத்தக் கால்சியத்தை ஆளும் பாராதைராய்டு சுரப்பியின் மிகைச் செயல்பாடு. ரத்தத்தில் கால்சியமும் அந்தச் சுரப்பியின் பி.டி.எச். ஹார்மோனும் சேர்ந்து உயர்ந்திருந்தால், அல்லது கால்சியம் உயர்ந்திருக்க பி.டி.எச். அடங்காமல் இருந்தால், இந்தக் கட்டுரையின் மீதி ஒப்பீடுகள் பொருந்தாது. எலும்புப்புரையோ சிறுநீரகக் கல்லோ சேர்ந்திருப்பவர்களுக்கு அங்கே அறுவைச் சிகிச்சைதான் முதலில் பேச வேண்டிய விஷயம். தைராய்டு மிகைச் செயல்பாடு, நீண்டநாள் ஸ்டீராய்டு, வைட்டமின் டி அளவு மீறியது, சார்காய்டோசிஸ் (உறுப்புகளில் அழற்சிக் கட்டிகள் வரும் நோய்), சிறுநீரகக் குழாய் அமிலத்தேக்கம் (சிறுநீரகம் அமிலத்தைச் சரியாக வெளியேற்றாத நிலை), வயதானவர்களில் மைலோமா (எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்) ஆகியவையும் பட்டியலில் உண்டு. ரத்தத்தில் கால்சியம், அல்புமின், பாஸ்பேட், கிரியாட்டினின், பைகார்பனேட், பி.டி.எச்., வைட்டமின் டி, தைராய்டுக்கான டி.எஸ்.எச். பார்த்தாலே பெரும்பாலானவை வெளிப்பட்டுவிடும்.

மாத்திரைப் பெட்டியையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். 'நீர் மாத்திரை' என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் இரண்டு இனம் இருக்கிறது. ஃப்யூரோசமைடு வகை கால்சியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். தயசைடு வகை அதைப் பிடித்து நிறுத்தும். ஒரே பெயர், நேர் எதிர் வேலை. "நீர் மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுறேன்" என்று மருத்துவரிடம் சொன்னால் போதாது, அட்டையைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

இனி அந்த 24 மணி நேரப் பரிசோதனை. எல்லாரும் எளிது என்று நினைத்துக் கோட்டைவிடும் இடம் இது. காலையில் முதல் சிறுநீரைக் கேனில் சேர்க்காமல் கழித்துவிட்டு நேரம் குறிக்க வேண்டும். அதிலிருந்து மறுநாள் அதே நேரத்து முதல் சிறுநீர் வரை ஒரு துளி விடாமல் கேனில் சேர வேண்டும். அம்மா முதல் முறை சேகரித்தபோது வெளியே போன இடத்தில் ஒருமுறை, மதியம் மறந்து ஒருமுறை, இரவு தூக்கக் கலக்கத்தில் ஒருமுறை என்று மூன்று தடவை கேனுக்கு வெளியே போய்விட்டது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. முடிவில் கால்சியம் 188 என்று வந்தது. "நார்மல்" என்று எல்லாரும் நிம்மதியானோம். அதே தாளில் இரண்டு வரி தள்ளி கிரியாட்டினின் (தசையிலிருந்து தினமும் ஏறத்தாழ ஒரே அளவில் வெளியேறும் கழிவு) 410 மில்லிகிராம் என்று இருந்ததை சிறுநீரக மருத்துவர்தான் சுட்டிக்காட்டினார். அம்மாவின் எடை 58 கிலோ. நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீரில் அவ்வளவு குறைவாக வராது என்றார். இரண்டாம் முறை கிரியாட்டினின் 790, கால்சியம் 342. அந்தத் தாளில் இன்னொரு எண்ணும் இருந்தது: சோடியம் 205 மில்லிமோல். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 12 கிராம் உப்பு.

ஆக அறிக்கை கையில் வந்ததும் கால்சியத்தை மட்டும் பார்க்காதீர்கள். கிரியாட்டினின் சேகரிப்பு சரியா என்று சொல்லும். சோடியம் உப்பைச் சொல்லும். மொத்த அளவு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று சொல்லும். சேகரிக்கும் நாளில் 'நல்ல பிள்ளையாக' பத்தியமும் இருக்காதீர்கள். வழக்கமான சாப்பாட்டில் வரும் எண்தான் உதவும்.

## கால்சியம்: குறைப்பதா, உணவிலா, மாத்திரையிலா

### உணவிலேயே குறைப்பது

கேட்க நியாயமாகத் தெரிகிறது: வெளியே அதிகம் போகிறது, உள்ளே குறைவாகப் போடு. ஐந்து அளவுகோல்களிலும் தோற்பது இதுதான்.

காரணம் ஆக்ஸலேட், பசலைக்கீரை போன்ற உணவுகளில் இருக்கும் ஒரு பொருள். சிறுநீரகக் கற்களில் பெரும்பான்மை கால்சியம் ஆக்ஸலேட் வகை. உணவில் கால்சியம் இருந்தால் அது குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறும். கால்சியம் குறைந்தால் ஆக்ஸலேட் தடையின்றி ரத்தத்துக்குள் போய் சிறுநீரகத்தை அடையும். இத்தாலியில் நடந்து 2002-ல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. சிறுநீரில் கால்சியம் அதிகமாக இருந்து, திரும்பத் திரும்பக் கல் வந்த 120 ஆண்கள். பாதிப் பேருக்குக் கால்சியம் குறைந்த உணவு, நாளுக்கு 400 மில்லிகிராம். மீதிப் பேருக்கு வழக்கமான கால்சியம், 1,200 மில்லிகிராம், ஆனால் உப்பும் விலங்குப் புரதமும் குறைவு. ஐந்தாண்டு முடிவில் கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மறுபடி கல். கால்சியத்தைக் குறைக்காத 60 பேரில் 12 பேருக்கு மட்டுமே.

எலும்புக்கு என்ன ஆகும் என்பதை விளக்கவே வேண்டாம். உள்ளே வராத கால்சியத்தை உடல் எலும்பிலிருந்துதான் எடுக்கும். குடல் அதிகம் உறிஞ்சும் வகைக்காரர்கூட ஒரு வாரப் பத்தியத்தில் சிறுநீர் எண் குறைந்ததைப் பார்த்து ஏமாறக் கூடாது. எண் குறைவது எலும்பு பிழைத்ததற்குச் சான்று ஆகாது. எலும்புப்புரை உள்ள ஒருவருக்கு இந்த வழியை நான் எந்தச் சூழலிலும் சரியென்று சொல்ல மாட்டேன்.

### உணவின் வழியே முழு அளவு

50 வயதைக் கடந்த பெண்களுக்கும் 70-ஐக் கடந்த ஆண்களுக்கும் நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம், மற்ற பெரியவர்களுக்கு 1,000 என்பது பொதுவான இலக்கு. இது உணவும் மாத்திரையும் சேர்ந்த மொத்தம். மாத்திரை மட்டுமே 1,200 என்று எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் பாலும் தயிரும் சாப்பிட்டு 2,000-ஐத் தொடுபவர்கள் நிறைய.

100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம். தயிரிலும் ஏறத்தாழ அவ்வளவே. மூன்று வேளையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சேர்த்தால் ஒரே நேரத்தில் ரத்தத்தில் ஏறிச் சிறுநீரில் கொட்டாது, ஒவ்வொரு வேளை ஆக்ஸலேட்டையும் பிடிக்கும். பசலைக்கீரையில் கால்சியம் இருந்தாலும் ஆக்ஸலேட் அதைக் கட்டிப்போட்டு வைத்திருப்பதால் உடம்பில் சேர்வது சொற்பம், கணக்கில் எடுக்க வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு: உப்பு போட்ட பாலாடைக்கட்டி. கால்சியத்துக்கென்று சாப்பிட்டால் சோடியம் அதை வெளியே தள்ளும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் பசி குறைந்த முதியவர்களுக்கும் 1,000-ஐ உணவில் எட்டுவது உண்மையிலேயே கடினம். மற்ற எல்லாருக்கும் முதல் தேர்வு இதுவே.

### மாத்திரை

அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களைக் கொண்டு நடத்திய விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வில், பாதிப் பேருக்கு தினம் 1,000 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டியும் கொடுத்தார்கள். 2006-ல் முடிவு வந்தது. இடுப்பெலும்பின் அடர்த்தி சற்றே கூடியது, இடுப்பு முறிவில் தெளிவான குறைவு இல்லை, சிறுநீரகக் கல் 17 சதவீதம் அதிகம். இது சாதாரணப் பெண்களில். சிறுநீரில் ஏற்கெனவே கால்சியம் கொட்டுபவர்களுக்கு மாத்திரையைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாது என்பதற்கு இது போதும்.

அதற்காக மாத்திரை விஷம் என்றும் ஆகாது. உணவில் 700 கிடைத்தால் மீதி 300 முதல் 500 வரை மாத்திரையில் நிரப்புவது நியாயம். எலும்பைக் கரையவிடாமல் நிறுத்தும் ஊசி போடப்போகிறவருக்குக் கால்சியம் குறைவாக இருப்பது ஆபத்தும்கூட.

கார்பனேட்டா, சிட்ரேட்டா? கார்பனேட்டில் 40 சதவீதம் கால்சியம், சிட்ரேட்டில் 21 சதவீதம். அதனால் சிட்ரேட்டில் மாத்திரை எண்ணிக்கை கூடும், அதுதான் அதன் சுமை. கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு அது சரியாகச் சேராது. சிட்ரேட் அந்தத் தொல்லை இல்லாதது, சிறுநீரில் சிட்ரேட்டையும் ஓரளவு உயர்த்துவதால் கல்லுக்கு எதிராக ஒரு சிறு காப்பு. சிறுநீர்க் கால்சியம் அதிகமானவருக்கு மாத்திரை வேண்டியே இருந்தால் நான் சிட்ரேட்டின் பக்கம். எதுவானாலும் சாப்பாட்டோடு, ஒரு வேளைக்கு 500-க்கு மேல் போகாமல். படுக்கப்போகும்போது வெறும் வயிற்றில் போடும் வழக்கம் கல் உள்ளவர்களுக்கு ஆகாது. தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வகையில் சோடியம் கணிசமாக இருக்கும், அட்டையின் பின்புறம் பாருங்கள்.

வைட்டமின் டி பற்றி ஒரு வார்த்தை. குறைவு இருந்தால் சரிசெய்தே ஆக வேண்டும், தினசரிச் சிறு அளவில். ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வில், 2010-ல் வெளியான முடிவு, வயதான பெண்கள் விழுவதும் எலும்பு முறிவதும் கூடின. சிறுநீரில் கால்சியம் அதிகமானவர் பெரிய அளவு டோஸ் எடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

## கசிவைக் குறைப்பது: உப்பு, தயசைடு, பொட்டாசியம் சிட்ரேட்

### உப்பும் தண்ணீரும்

சிறுநீரகத்தில் சோடியமும் கால்சியமும் கைகோத்துப் போகின்றன. 2,300 மில்லிகிராம் சோடியம், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்பு, கூடுதலாகச் சேர்ந்தால் சிறுநீரில் சராசரியாக 40 மில்லிகிராம் கால்சியம் கூடுதலாகப் போகிறது. தினம் 40 என்றால் ஆண்டுக்கு 14 கிராமுக்கு மேல். மனித எலும்புக்கூட்டில் மொத்தமே சுமார் ஒரு கிலோ கால்சியம்தான். இந்த இழப்பு முழுவதும் எலும்பிலிருந்தே வருகிறது என்று சொல்ல முடியாது, குடல் ஓரளவு ஈடுகட்டும். வயது கூடக் கூட அந்த ஈடுகட்டும் திறன் குறைகிறது என்பதுதான் கவலை.

எங்கள் வீட்டில் அம்மா "நான் உப்பே போட்டுக்கறதில்ல" என்று சத்தியம் செய்தார். உண்மைதான், தட்டில் போட்டுக்கொள்வதில்லை. ஒரு வாரம் அவர் சாப்பிட்ட பாக்கெட்டுகளையெல்லாம் மேசையில் வரிசையாக வைத்து, பின்பக்கச் சோடியம் எண்ணைப் பேனாவால் வட்டமிட்டோம். பிஸ்கட், ரொட்டி, சூப் பொடி, சிப்ஸ். இனிப்பு பிஸ்கட்டில்கூட இருந்தது. அம்மா அந்த எண்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, சூப் பாக்கெட்டை மட்டும் எடுத்து ஓரமாக வைத்தார்.

தண்ணீரைப் பொறுத்தவரை இலக்கு குடிக்கும் அளவு அல்ல, வெளியே வரும் அளவு: நாளுக்குக் குறைந்தது 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர். இதய பலவீனம் உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் கேட்காமல் செய்யக் கூடாது. இரவு எழுந்து கழிவறைக்கு நடப்பதில் விழும் ஆபத்தும் உண்டு. எலும்புப்புரைக்காரருக்கு அது சின்ன விஷயமில்லை, ஆகவே பெரும்பகுதியை மாலைக்குள் குடித்துவிட வேண்டும். புரதத்தில் அதீதம் வேண்டாம், ஆனால் முதியவர்கள் கல்லுக்குப் பயந்து புரதத்தையே விட்டால் தசை கரையும், தசை கரைந்தால் விழுவார்கள்.

### தயசைடு

ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தலிடோன், இன்டபமைடு. சிறுநீரகம் கால்சியத்தைத் திருப்பி எடுக்கச் செய்பவை. சிறுநீரகக் கசிவுக்காரருக்கு நேரடி மருந்து இதுவே. ரத்த அழுத்தமும் இருப்பவருக்கு ஒரே மாத்திரையில் இரண்டு வேலை.

கல்லைத் தடுக்கிறதா என்பதில் 2023-ல் ஓர் அடி விழுந்தது. சுவிட்சர்லாந்தில் நடந்த நோஸ்டோன் ஆய்வில் 416 பேருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5, 25, 50 மில்லிகிராம் அல்லது வெற்று மாத்திரை. சுமார் மூன்றாண்டில் கல் திரும்புவதில் தெளிவான வேறுபாடு தென்படவில்லை. அதில் பங்கெடுத்தவர்கள் உப்பைக் குறைக்கவில்லை, கண்காணித்த காலம் குறைவு என்ற விமர்சனங்கள் உண்டு, நியாயமானவையும்கூட. உப்பு அதிகமானால் தயசைடு தோற்கும் என்பது பழைய பாடம். என் முடிவு: கல்லுக்காக மட்டும் என்றால் முன்பிருந்த உற்சாகம் இப்போது பொருந்தாது. உப்பைக் குறைத்த பிறகும் சிறுநீர்க் கால்சியம் உயர்ந்தே இருந்து, எலும்பும் கரைகிறதென்றால் இன்னமும் இதற்கு இடம் உண்டு. எலும்பு முறிவைக் குறைப்பதற்கான ஆதாரம் பெரும்பாலும், மருந்து கொடுத்துச் சோதிக்காமல் ஏற்கெனவே சாப்பிடுபவர்களைக் கவனித்துமட்டும் பார்த்த கண்காணிப்பு ஆய்வுகளிலிருந்து வருவதால், எலும்புப்புரை மருந்துக்குப் பதிலாக இதை வைக்க முடியாது. துணையாக வைக்கலாம்.

மறைந்த செலவு கனமானது. பொட்டாசியம் குறையும். குறைந்தால் சிறுநீரில் சிட்ரேட்டும் குறைந்து, கல்லுக்கு எதிரான காப்பு போய்விடும். யூரிக் அமிலமும் சர்க்கரையும் ஏறலாம். வயதான மெலிந்த பெண்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைசுற்றி விழும் அபாயம் உண்டு. எலும்பைக் காக்கக் கொடுத்த மாத்திரையே எலும்பு முறியக் காரணமாகிவிடும். ஆகவே குறைந்த அளவில் தொடங்கி, சில வாரத்துக்குள் சோடியம், பொட்டாசியம், கால்சியம், கிரியாட்டினின் பார்க்க வேண்டும். ரத்தக் கால்சியம் ஏறினால் ஒளிந்திருந்த பாராதைராய்டு கோளாறு வெளிப்படுகிறதா என்று தேட வேண்டும். தயசைடோடு கால்சியம் கார்பனேட்டும் வைட்டமின் டியும் தாராளமாகச் சேர்ப்பது ரத்தக் கால்சியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றும் வழி.

### பொட்டாசியம் சிட்ரேட்

சிட்ரேட் குறைவாக உள்ளவருக்கும், தயசைடால் பொட்டாசியம் இறங்கியவருக்கும் நல்ல துணை. அமிலச் சுமையைத் தணிப்பதால் எலும்புக்கும் ஓரளவு சாதகம். அமிலத்தைத் தணிக்கும் சோடியம் கலந்த உப்புகளை (சமையல் சோடா போன்றவை) இதற்கு மாற்றாக எடுக்கக் கூடாது, அவை சோடியத்தை ஏற்றிக் காரியத்தைக் கெடுக்கும். சிறுநீரகம் பலவீனமானவருக்கும், பொட்டாசியத்தைத் தேக்கும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கும் இது ஆபத்தாகலாம். மாத்திரை பெரியது, வயிற்றைக் கலக்கும். மெல்லக் கரையும் வகையில் வெறும் கூடு மட்டும் மலத்தில் வருவதுண்டு. மருந்தே சேரவில்லை என்று பதறி நிறுத்திவிடாதீர்கள், மருந்து உள்ளே இறங்கிவிட்டது.

## எலும்புக்கான மருந்து

சிறுநீர்க் கால்சியம் குறைந்தாலே எலும்பு தேறிவிடும் என்று காத்திருப்பது, ஏற்கெனவே முறிவு கண்டவருக்கோ எலும்பு அடர்த்தி ஸ்கேனில் வரும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5-க்குக் கீழே இருப்பவருக்கோ தவறான சிக்கனம். எந்த மருந்தானாலும் தொடங்கும் முன் மேலே சொன்ன பரிசோதனைகள் முடிந்திருக்க வேண்டும். கரைவதை நிறுத்தும் மருந்து சிறுநீர்க் கால்சியத்தையும் குறைப்பதால், மருந்து தொடங்கிய பிறகு எடுக்கும் சிறுநீர் எண் மூல காரணத்தை மறைத்துவிடும்.

| மருந்து | எடுக்கும் முறை | சிறுநீர்க் கால்சியம் | சிறுநீரகம் | நிறுத்தினால் |
|---|---|---|---|---|
| அலென்ட்ரோனேட் | வாரம் 70 மி.கி. மாத்திரை | குறையும் | கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகம்) நிமிடத்துக்கு 35 மில்லிக்குக் கீழ் வேண்டாம் | பலன் சில காலம் தங்கும் |
| ஜோலெட்ரோனிக் அமிலம் | ஆண்டுக்கு ஒருமுறை 5 மி.கி. டிரிப் | குறையும் | 35-க்குக் கீழ் கூடாது | பலன் சில காலம் தங்கும் |
| டெனோசுமாப் | 6 மாதத்துக்கு ஒரு ஊசி, 60 மி.கி. | குறையும் | பலவீனமானாலும் போடலாம், ரத்தக் கால்சியம் சரியும் அபாயம் உண்டு | எலும்பு வேகமாகக் கரையும், முதுகெலும்பு முறியலாம் |
| டெரிபாராடைட் | தினம் 20 மைக்ரோகிராம் ஊசி, 2 ஆண்டு வரை | கூடலாம் | கல் இருந்தால் எச்சரிக்கை | வேறு மருந்து தொடராவிட்டால் பலன் கரையும் |
| ரோமோசோசுமாப் | மாதம் 210 மி.கி., 12 மாதம் | கூட்டுவதாக அறியப்படவில்லை | கடும் பலவீனத்தில் ரத்தக் கால்சியம் கவனம் | வேறு மருந்து தொடர வேண்டும் |

அட்டவணையில் அடங்காதவை சில. அலென்ட்ரோனேட், ஜோலெட்ரோனிக் அமிலம் இரண்டுமே இந்த இரட்டைப் பிரச்சினைக்கு இயல்பாகப் பொருந்துபவை, ஏனெனில் எலும்பிலிருந்து வரும் கால்சியத்தை ஊற்றிலேயே அடைக்கின்றன. ஜோலெட்ரோனிக் அமிலத்தின் முக்கிய ஆய்வில் (2007) மூன்றாண்டில் முதுகெலும்பு முறிவு 70 சதவீதமும் இடுப்பு முறிவு 41 சதவீதமும் குறைந்தன. மாத்திரையின் மறைந்த செலவு ஒழுக்கம்: விடிந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, அரைமணி நேரம் படுக்காமல், வேறெதுவும் சாப்பிடாமல். அதோடு கால்சியம் மாத்திரை போட்டால் மருந்து சேரவே சேராது. டிரிப்பின் செலவு முதல் இரண்டு மூன்று நாள் காய்ச்சல், உடம்பு வலி. நீர்ச்சத்து குறைந்த நிலையில் போட்டால் சிறுநீரகத்துக்குக் கெடுதல், ஆகவே அன்று நன்றாகத் தண்ணீர் குடித்துப் போக வேண்டும். வைட்டமின் டி குறைவைச் சரிசெய்யாமல் போட்டால் ரத்தக் கால்சியம் இறங்கிக் கைகால் மரத்துப்போகும். தாடை எலும்புச் சேதமும் தொடை எலும்பின் வித்தியாசமான முறிவும் அரிது, ஆனாலும் பல் பிடுங்க வேண்டியதை முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

டெனோசுமாப் பலமான மருந்து. அதன் ஆய்வில் (2009) முதுகெலும்பு முறிவு 68 சதவீதம், இடுப்பு முறிவு 40 சதவீதம் குறைந்தன. சிறுநீரகம் பலவீனமாகி மற்றவை மூடப்பட்ட கதவானவருக்கு இது திறந்திருக்கும் கதவு. ஆனால் சிறுநீரில் கால்சியத்தை இழந்துகொண்டே இருப்பவருக்கு எலும்பின் பக்கத்தையும் அடைத்தால் ரத்தம் எங்கிருந்து கால்சியம் எடுக்கும்? ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் ரத்தக் கால்சியமும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்வது இதனால்தான். டயாலிசிஸ் நிலையில் இருப்பவர்களுக்கு உயிராபத்தான அளவுக்கு இறங்கியதுண்டு. அதைவிட நான் அஞ்சுவது தேதி தவறுவதை. ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போனாலே ஆபத்து தொடங்குகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் கூட்டிப்போக ஆள் இல்லாத வீட்டில் இதைத் தொடங்கும் முன் பத்து முறை யோசியுங்கள்.

டெரிபாராடைட் எலும்பைப் புதிதாகக் கட்டும். முதுகெலும்பு பல இடங்களில் உடைந்தவருக்கு அருமருந்து. இந்தக் கட்டுரையின் வாசகருக்கு மட்டும் கடைசிக்கு அருகில் நிற்கிறது. பாராதைராய்டு ஹார்மோனின் துண்டு அது. ரத்தத்திலும் சிறுநீரிலும் கால்சியத்தை ஏற்றக்கூடும். கல் தற்போது தொந்தரவு செய்துகொண்டிருப்பவர்களில் இது சோதிக்கப்படவில்லை. வேறு வழியில்லாமல் எடுக்க வேண்டி வந்தால் முன்னும் பின்னும் சிறுநீர்க் கால்சியம் பார்த்து, கால்சியம் மாத்திரையைக் குறைத்து, உப்பைப் பிடித்து எடுக்க வேண்டும். கட்டும் மருந்தே வேண்டும், கல்லும் இருக்கிறது என்றால் ரோமோசோசுமாப்பைப் பேசலாம். கடந்த ஓராண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கு அது கூடாது.

ரலாக்ஸிஃபென் முதுகெலும்பு முறிவை மட்டும் குறைக்கும், இடுப்பைக் காப்பதில்லை, கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயமும் உண்டு. மாதவிடாய் நின்றும் வயது அதிகம் ஆகாத, இடுப்பு நன்றாக இருக்கும் பெண்களுக்கு, குறிப்பாக மார்பகப் புற்றுநோய் அபாயம் உள்ளவர்களுக்கு, அதற்கு இடமிருக்கிறது.

## யாருக்கு எது

கல் வந்ததே இல்லை, சிறுநீர்க் கால்சியம் சற்றே கூடுதல், சோடியமும் கூடுதல்: உப்பைக் குறைத்து ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபரிசோதனை. அதற்கிடையில் எலும்பு மருந்தைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

கல் திரும்பத் திரும்ப வருகிறது, உப்பும் குறைத்தாயிற்று, எண் இன்னும் மேலே: தயசைடு சேர்ப்பதைப் பேசுங்கள். கால்சியம் உணவில், எலும்புக்கு அலென்ட்ரோனேட் அல்லது ஜோலெட்ரோனிக் அமிலம்.

சிறுநீரகச் செயல்பாடு (கிரியாட்டினின் கிளியரன்ஸ்) 35-க்குக் கீழே: டெனோசுமாப் பற்றி எலும்பு மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் ஒன்றாகப் பேசி முடிவெடுக்க வேண்டும், ஒருவர் மட்டும் எழுதித் தருவது போதாது.

ரத்தச் சோடியம் ஏற்கெனவே குறைவு, அடிக்கடி விழுகிறார், வயது 80-ஐத் தாண்டியது: தயசைடைத் தவிர்ப்பேன். உப்பு, தண்ணீர், எலும்பு மருந்து, வீட்டுத் தரையில் வழுக்காத விரிப்பு ஆகியவற்றிலேயே நிற்பேன்.

அம்மாவுக்கு நாங்கள் போன வழி இது. இரண்டு சீட்டையும் ஒரே தாளில் எழுதி இருவரிடமும் காட்டினோம். கால்சியம் உணவில் 900, சிட்ரேட் மாத்திரை ஒன்று மதியச் சாப்பாட்டோடு. ஏழு வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் சோடியம் 205-லிருந்து 98-க்கு இறங்கியிருந்தது, கால்சியம் 342-லிருந்து 271. இன்னும் அதிகம்தான். அதன் பிறகு குளோர்தலிடோன் 12.5 மில்லிகிராம். இரண்டு வாரத்தில் ரத்தச் சோடியமும் பொட்டாசியமும் பார்த்தோம், பொட்டாசியம் கொஞ்சம் இறங்கியிருந்ததால் பொட்டாசியம் சிட்ரேட் சேர்ந்தது. மூன்றாவது கேனில் கால்சியம் 184, கிரியாட்டினின் 775, அதாவது இந்த முறை ஒரு துளியும் வெளியே போகவில்லை. வைட்டமின் டி சரியான பிறகு ஜோலெட்ரோனிக் அமிலம் போட்டார்கள், இரண்டு நாள் காய்ச்சலோடு முடிந்தது. எலும்பு அடர்த்தியை அளக்கும் அடுத்த டெக்ஸா ஸ்கேன் இரண்டு ஆண்டு கழித்து, முன்பு எடுத்த அதே எந்திரத்தில். வேறு எந்திரத்தில் எடுத்தால் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது என்பதால் அந்த எந்திரத்தின் பெயரையும் அம்மா கோப்பின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறார்.